அவர் பட்டனை அமுக்கவில்லை

ஏப்ரல் 14, செவ்வாய்

காலை வேலை. மீன் ஆலையில் பெல்ட் இரண்டு முறை நின்றது. சால்மன் ஐஸில் கிடந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரொட்டி சாப்பிடும் நேரத்தில் ஃபோன் அடித்தது. டாக்டர் இங்வில்ட். எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வென்கே எட்டிப் பார்த்து, "யாரது, காதலனா?" என்றாள்.

"ஆமா. வெள்ளைக் கோட்டு போட்ட காதலன்" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டாள். மேசையில் எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். மார்ச்சில் புருஷனைப் புதைத்தவள் வேடிக்கை பேசக்கூடாது போலிருக்கிறது. பேசாமல் இருந்தால் மட்டும் என்ன செய்கிறார்கள்? அப்போதும் இதே மூஞ்சிதான்.

ஏப்ரல் 15

மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 18, சனி

ஹால்வார் கதவுப் பிடியில் மீன் பையை மாட்டிவிட்டுப் போனான். என் புருஷன் ஓட்முன்டின் தம்பி. இந்தத் தீவுக் கரையில் மீன் கொடுக்க வருகிறவன் கதவைத் தட்ட மாட்டான். தட்டினால் வீட்டுக்காரர் எழுந்து வரவேண்டும், காப்பி போடவேண்டும் — தொந்தரவாம்.

திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கார் வரைக்கும் போனவன் கதவைத் திறக்கவில்லை. கார் கூரையில் இரண்டு கையையும் ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வலி போகும்வரை நிற்கிறான். எனக்கு அந்த நிற்பு தெரியும். ஓட்முன்ட் இப்படித்தான் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே நோய்: புராஸ்டேட்டில் ஆரம்பித்து இடுப்பெலும்புக்குப் போன புற்று. ரத்தத்திலேயே வருவதாம்.

வலி போனதும் முதல் காரியமாக ஜன்னலைப் பார்த்தான். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று. நான் நகர்ந்துகொண்டேன்.

பையை நான் எடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கடற்காக்காய்கள் கிழித்துத் தின்றுவிட்டன.

ஏப்ரல் 21

வேறு நம்பரிலிருந்து வந்தது, எடுத்துவிட்டேன். இங்வில்ட்தான்.

"யோருன், வைச்சுடாதீங்க. ஒரே ஒரு கேள்வி."

வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை?

ஜனவரியில் ஓட்முன்டுக்குச் செய்தது புது வைத்தியம். இன்னும் சோதனையில் இருப்பது. வெளியிலிருந்து ஒலியை ஒரே புள்ளியில் குவித்து, அந்தச் சூட்டில் கட்டியைப் பொசுக்குவது. அது மட்டும் பழசுதானாம். புதுசு என்னவென்றால் அந்தத் தூள். கட்டிக்குள் முன்கூட்டியே ஊசியால் ஏற்றிவிடுவார்கள். சல்லடையில் நிற்காத, கண்ணுக்கே தெரியாத தூள். ஒலி பட்டதும் தூள் சூட்டை வாங்கிக்கொள்ளும். அதனால் கொஞ்ச ஒலியே போதும், சுற்றியிருக்கும் சதைக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். எனக்கு அது அப்போதே புரிந்தது. மார்ச் மாதம் பனிக்குள் கருங்கல் கிடந்தால் வெயிலுக்கு அந்தக் கல்லைச் சுற்றித்தானே முதலில் உருகும்.

"சத்தம் எப்படிங்க சுடும்?" என்று ஓட்முன்ட் கேட்டார். கூட வந்திருந்த ஹால்வார், "எங்கம்மா சத்தத்துல உருளைக்கிழங்கே வெந்துடும் டாக்டர்" என்றான். எல்லோரும் சிரித்தோம். இங்வில்டும்.

தூள் கட்டியைத் தாண்டிப் போயிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. எங்கே போயிற்றோ அங்கேயும் சுட்டது. குடலுக்குப் பக்கத்தில் வெந்து, சீழ் வைத்து, காய்ச்சல் வந்து, மார்ச்சில் முடிந்தது. புற்று கொல்லவில்லை. வைத்தியம் கொன்றது.

அவர் கையில் ஒரு பட்டன் கொடுத்திருந்தார்கள். வலி தாங்கவில்லையென்றால் அமுக்கவேண்டும், எல்லாம் நின்றுவிடும். அவர் அமுக்கவில்லை.

"அதுதான் கேள்வி" என்றாள் இங்வில்ட். "வலியே தெரியாம உள்ளே வெந்திருந்தா, இந்த வைத்தியத்தையே மூடிடணும். அடுத்தவங்களுக்கும் அப்படித்தான் ஆகும், எங்களால கண்டுபிடிக்கவே முடியாது. ஆனா வலிச்சும் அவர் சொல்லாம இருந்திருந்தா, அது வேற. கேக்கற முறையை மாத்திட்டுச் செய்யலாம். வீட்டுக்கு வந்தப்புறம் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது. எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 22

தெரிந்ததை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜனவரியில் வைத்தியம் முடிந்து அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் உட்காரவில்லை. அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடியே சூப் குடித்தார். "தீயில உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு" என்றார். ஏதோ மழை பெய்தது என்று சொல்வதுபோல.

"பின்ன ஏன் அமுக்கல?"

"எட்டு பேரு எனக்காக நின்னுட்டிருந்தாங்க யோருன். நடுவுல நிறுத்தினா மறுபடி எல்லாத்தையும் முதல்லேருந்து பண்ணணுமாம். பாவம், தொந்தரவு." பிறகு சிரித்தார். "ஹால்வார் வேற போறப்ப கார்ல சொன்னான். சின்னப்புள்ள மாதிரி பட்டனை அமுக்கி நம்ம அப்பா பேரைக் கெடுத்துடாதடான்னு."

அப்பா பேர். இவர்கள் அப்பாவின் படகு ஒருமுறை துறைமுகம் கண்ணில் தெரியும் தூரத்தில் இஞ்சின் நின்றுபோனது. பக்கத்தில் வேறு படகுகள் போய்க்கொண்டிருந்தன. கையை ஆட்டிக் கூப்பிட்டிருக்கலாம். கிழவர் கூப்பிடவில்லை. கை பிய்ந்து ரத்தம் கொட்டத் துடுப்புப் போட்டே வந்து சேர்ந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கதையைச் சொல்லுவார்கள், பெருமையாக. ஏன் கையை ஆட்டவில்லை என்று அந்த மேசையில் ஒருத்தர் கேட்டதில்லை.

அவர் சிரித்தபோது நான் சிரிக்கவில்லை. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மே 2, சனி

கடையில் காப்பித்தூள் இருக்கும் தட்டருகே ஹால்வார் நின்றிருந்தான். ஓட முடியவில்லை.

"மீன் நல்லாருந்துச்சா?"

"கடற்காக்காய்க்குப் பிடிச்சிருந்துச்சு."

"சரி, அதுங்களுக்கும் வயிறு இருக்குல்ல" என்றான். ரொம்ப இளைத்திருக்கிறான். ஜாக்கெட் யாருடையதோபோல் தொங்குகிறது. பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டர் உன்னைக் கூப்பிட்டாளா?" என்றான்.

"ஏன்? உனக்கு இடம் கிடைக்குமான்னு பாக்கறியா?"

அவன் காது வரை சிவந்துபோனான். காத்திருக்கிறவர்களில் அவனும் ஒருவன், எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். "எனக்கு இடம் கெடக்கட்டும் யோருன். நான் கேக்க வந்தது—"

கல்லாவில் இருந்த பெண் "என்ன ஹால்வார், எப்படி இருக்கே?" என்று கூப்பிட்டாள்.

"பிரமாதம்!" என்றான் அவன், திரும்பி நின்று, பல் தெரிய.

நான் காப்பித்தூள் எடுக்காமலே வந்துவிட்டேன்.

மே 17

தேசிய நாள். கொடி, பாட்டு, குழந்தைகள், ஐஸ்கிரீம். விழா உடையை நான் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. சாதாரணக் கறுப்புக் கோட்டில் போய் ஓரமாக நின்றேன். போகாவிட்டால் பேசுவார்கள். போனாலும் பேசினார்கள்.

ஹால்வாரால் ஊர்வலத்தில் நடக்க முடியவில்லை. தேவாலயச் சுவரில் முதுகைக் கொடுத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சுண்ணாம்பு. போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள், எல்லோருக்கும் அதே பதில். பிரமாதம். பிரமாதம். ஓட்முன்ட் செத்த அன்று காலையிலும் நர்ஸிடம் அதையேதான் சொன்னார்.

நான் ஒன்றும் சொல்லாவிட்டால் வைத்தியத்தை மூடிவிடுவார்கள். இவன் இப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று போவான்.

போகட்டும்.

எழுதியதை அடிக்கப் போவதில்லை. போகட்டும்.

மே 26

இங்வில்ட். சோதனையை நடத்தும் குழு ஜூன் நடுவில் கூடுகிறதாம். அதற்குள் ஒன்றும் தெரியாவிட்டால் மூடுவதுதான்.

"சில பேர் காத்திட்டிருக்காங்க யோருன்."

"ஹால்வாரா?"

"பேர் சொல்லக்கூடாது."

"இந்தத் தீவுல நீங்க பேர் சொல்லித்தான் தெரியணுமாக்கும்." எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அவரை ஏன் நீங்க வாய்விட்டுக் கேக்கல? பட்டனைக் கையில குடுத்துட்டா முடிஞ்சுதா?"

"கேட்டோம். ரெண்டு தடவை கேட்டோம். நல்லாருக்கேன், பிரமாதம்னார்."

"பிரமாதம்னா எங்க வீட்ல என்ன அர்த்தம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்!"

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள். "நானும் இந்தக் கரையில பொறந்தவதான். எங்கப்பாவும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்."

அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூன் 3

ஹால்வார் வந்தான். கதவைத் தட்டினான். தட்டியதுமே தெரிந்துவிட்டது, மீன் கொடுக்க வரவில்லை என்று.

காப்பி வேண்டாம் என்றான். உட்காரவும் இல்லை. தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிசைந்துகொண்டு நின்றான், அறுபது வயது ஆள்.

"அவன் ஏதாவது சொன்னானா? வலிச்சுதுன்னு?"

"ஏன் கேக்கறே?"

"நான் போறப்ப கார்ல ஒண்ணு சொன்னேன். விளையாட்டுக்கு."

"என்ன சொன்னே?"

எனக்குத் தெரியும். அவன் வாயால் வரவேண்டும் என்றிருந்தது. சொன்னான். ஒரு வார்த்தை மாறாமல், ஓட்முன்ட் சொன்னபடியே. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் வைத்தியத்துக்காகக் கேட்கவில்லை. வலிக்கவில்லை என்று நான் சொன்னால் இவன் மனசு நிம்மதியாகிவிடும் — ஆனால் வைத்தியம் மூடிப்போகும், இடுப்பு வலியோடே சாவான். வலித்தது என்று சொன்னால் வைத்தியம் கிடைக்கும் — ஆனால் அண்ணனைக் கொன்றது தன் பேச்சுத்தான் என்று தெரிந்துகொண்டு அந்த வைத்திய மேசையில் படுக்கவேண்டும். எதைச் சொன்னாலும் இவனுக்குப் பாதி சாவு. இத்தனை அதிகாரம் என் கையில் எப்போதுமே இருந்ததில்லை. கடவுளே, கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது.

"அடுப்புல உருளைக்கிழங்கு இருக்கு. போ" என்றேன்.

போனான்.

ஜூன் 4

மீன் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே வென்கே சொன்னாள்: "அந்தக் குடும்பத்து ஆம்பளைங்களைச் சவப்பெட்டியில போட்டு மூடினாலும், உள்ளேருந்து 'எடம் தாராளமா இருக்கு, நீங்க போங்க'ன்னுதான் குரல் வரும்."

நான் சிரித்துவிட்டேன். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை, வாய்விட்டு, பெல்ட்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. சிரிப்பு நிற்கவில்லை. குளிர் அறைக்குள் ஓடிப்போய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். பின்னாலேயே வந்த வென்கே, "அடி பிசாசே, இங்க நின்னா கண்ணீர் உறைஞ்சுடும், வெளிய வந்து அழு" என்றாள்.

ஜூன் 9

இரண்டு நாளாக ஒன்றே ஒன்று உறுத்துகிறது.

அவர் வலியை ஒருத்தரிடமும் காட்டவில்லை. டாக்டரிடம் இல்லை, நர்ஸிடம் இல்லை, தம்பியிடம் இல்லை. சூப் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். உலகத்தில் என் ஒருத்தியிடம். ஹால்வாரைப் பழிவாங்க நான் அதை மறைத்தால், அந்த வலி எங்கேயும் இல்லாமல் போய்விடும். அவருக்கு வலிக்கவே இல்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். அவர் சார்பில் நானும் "பிரமாதம்" என்று சொன்னதாகிவிடும்.

அதை என்னால் முடியாது. ஹால்வாருக்காக இல்லை. அவன் எப்படியோ போகட்டும்.

ஜூன் 10

இங்வில்டை நானே கூப்பிட்டேன். எல்லாம் சொன்னேன். தீயில் உட்கார்ந்த மாதிரி என்றதை அவள் இரண்டு முறை சொல்லச் சொன்னாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கார்ல நடந்த பேச்சையும் எழுதிக்கட்டுமா?" என்றாள்.

"எழுதுங்க."

பிறகு ஹால்வாரின் படகுக் கொட்டகைக்கு நடந்தே போனேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்றே சொன்னேன்.

"வலிச்சுது. தீயில உட்கார்ந்த மாதிரின்னார். நீ சொன்னதையும் சொன்னார்."

அவன் மீன் பெட்டி மேல் மெல்ல உட்கார்ந்தான். அவனுக்கு உட்காருவது எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும். அதுகூடத் தெரியாமல் உட்கார்ந்தான்.

"சொல்றப்ப சிரிச்சானா?"

"சிரிச்சார்."

வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து, "இனிமே நான் எப்படிப் போய் அதுல படுப்பேன்?" என்றான். நான் நிற்கவில்லை.

நினைத்த அளவு இனிப்பாக இல்லை.

ஜூன் 23

கோடை நெருப்பு. கடற்கரையில் பழைய பலகை, உடைந்த படகு எல்லாம் போட்டு எரித்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை. சீக்கிரம் வந்துவிட்டேன்.

பகலில் இங்வில்ட் பேசினாள். இலையுதிர் காலத்தில் மறுபடி தொடங்குகிறார்களாம். தூளின் அளவு குறையும். ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவில் நிறுத்துவார்கள், தூள் எங்கே நிற்கிறது என்று படம் பார்ப்பார்கள். பட்டனை மட்டும் நம்பமாட்டார்கள். நோயாளியை நன்றாகத் தெரிந்த ஒருத்தர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மைக்கில் அவரோடு பேசிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த ஆள் நிறுத்து என்றால் நிறுத்திவிடுவார்கள்.

"நல்லது" என்றேன்.

"ஒருத்தர் வேண்டாம்னுட்டார், யோருன். பேர் சொல்லக்கூடாது."

ஜூலை 5

ஹால்வார் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் நின்றபடி ரொட்டியில் பழுப்புச் சீஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன, வரமாட்டேன்னியாமே?"

"எனக்குத் தகுதி இல்ல."

"தகுதியை யாரு கேட்டா?" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "நீ நல்லாகணும்னு வரச் சொல்லலை. உனக்கு வலிக்கணும். வலிச்சா கத்தணும். நாலு பேரு கேக்கக் கத்தணும். அவர் கத்தாம விட்டதையும் சேர்த்துக் கத்து!"

கத்தியை வைத்தான். "நான் கத்தினதே இல்லையே யோருன். எப்படின்னே தெரியாது."

"நான் உட்கார்ந்து சொல்லித் தர்றேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. ஏன் சொன்னேன்? அவனும் கேட்கவில்லை. ரொட்டியைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை என் பக்கம் தள்ளினான். நான் தொடவில்லை.

ஆகஸ்ட் 30

மழை. ஆலையில் புது பெல்ட். கல்லறையில் பெயர்க் கல் வைத்தார்கள். அவர் பெயர், இரண்டு தேதி. வேறு என்ன எழுத.

செப்டம்பர் 29, செவ்வாய்

நகரம். ஆஸ்பத்திரி. ஓட்முன்ட் படுத்த அதே அறையாம். இங்வில்ட் தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள். இருக்கட்டும் என்றேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், இங்வில்ட், மெஷின்காரர்கள். அந்தப் பக்கம் அவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். என் முன்னால் மைக். திரையில் அவன் முகம் பெரிதாக.

முதல் சூடு. "எப்படி இருக்கு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

முகத்தைப் பார்த்தேன். தாடை இறுகியிருந்தது. ஓட்முன்டுக்கும் அதே தாடை.

"பொய் சொல்றான்" என்றேன். "நிறுத்துங்க."

நிறுத்திவிட்டார்கள். கேள்வி கேட்காமல், உடனே. ஒரு வார்த்தைக்கு நின்றுவிடுகிறது. இவ்வளவுதானா? இவ்வளவுதானா அது?

படம் பார்த்தார்கள். தூள் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. எலும்பின் வலிதான் என்றார்கள், கொஞ்சம் மருந்து ஏற்றினார்கள். இரண்டாவது சூடு.

"ஹால்வார், எப்படி இருக்கு?"

"யோருன், எல்லாரும் பாத்துட்டிருக்காங்க—"

"பாக்கட்டும்! அதுக்குத்தான் சம்பளம் வாங்கறாங்க. சொல்லு!"

"எரியுது" என்றான். ரகசியம் சொல்வதுபோல.

"கேக்கல."

"எரியுதுடீ பிசாசே!"

பிறகு கத்தினான். வார்த்தை இல்லை, வெறும் சத்தம். மைக்கில் உடைந்து அறை முழுக்க நிறைந்தது. இங்வில்டின் கை என் தோளைப் பிடித்தது. மெஷின் நின்றது. அவன் அழுதான், அண்ணன் பெயரைச் சொல்லி, மூக்கு ஒழுக. பத்துப் பேர் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒருத்தர் போய் முகத்தைத் துடைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து, "மறுபடி?" என்று கேட்டேன். தலையாட்டினான்.

நான் மைக்கை அணைத்துவிட்டுக் கொஞ்சம் குனிந்துகொண்டேன். ஜனவரியில் இந்த அறையில் கேட்டிருக்கவேண்டிய சத்தம் அது. இப்போதுதான் கேட்டது. வேறு ஒருத்தன் வாயிலிருந்து.

அக்டோபர் 4, ஞாயிறு

ஹால்வாருக்குக் காய்ச்சல் இல்லை. கேட்க நானே ஃபோன் செய்தேன். நேற்றுக் கொஞ்ச நேரம் உட்கார முடிந்ததாம்.

மன்னிக்கவில்லை. அவனுக்கும் அது தெரியும்.

அடுத்த முறை வியாழக்கிழமை. ஆலையில் லீவு சொல்லிவிட்டேன்.